சர்பத்தில் இருப்பது நன்னாரியா, மாகாளியா?

கோடை பிறந்துவிட்டால் போதும், உங்களில் பலர் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில் நன்னாரி சர்பத் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைக்கு ஒரு டம்ளர், வெயிலில் அலைந்துவிட்டு வரும் வீட்டுக்காரருக்கு ஒரு டம்ளர், விருந்தாளி வந்தால் எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு டம்ளர். 'காப்பி, டீக்கு இது எவ்வளவோ தேவலை டாக்டர்' என்று என்னிடமே சொல்கிறீர்கள். சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அந்த பாட்டிலில் இருப்பது நன்னாரிதானா?

எசென்ஸும் சாயமும் சர்க்கரைப் பாகும் மட்டுமே உள்ள பாட்டில்களைப் பற்றி நான் பேச வரவில்லை. அது தனிக் கதை. 'வேரைப் போட்டுத்தான் காய்ச்சினோம்' என்று சத்தியம் பண்ணுகிறவர்களின் சர்பத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். அந்த வேர் பல இடங்களில் நன்னாரி வேரே அல்ல, மாகாளிக் கிழங்கு. ஆமாம், மோரில் ஊறப்போட்டு ஊறுகாய் போடுகிறீர்களே, அதே மாகாளிதான்.

'இருந்துட்டுப் போகட்டுமே, அதுவும் மூலிகைதானே?' என்பீர்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்று, வேலியோரத்தில் தானாகப் படர்கிற சாதாரணக் கொடி. இன்னொன்று, நம் தென்னிந்தியாவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத கொடி. அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று 2015-ல் உலகப் பட்டியலில் ஏறிவிட்ட கொடி. சாதாரணக் கொடியின் பெயரைச் சொல்லி, ஆபத்தில் இருக்கிற கொடியைத் தோண்டிக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் இரண்டையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். நன்னாரியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமல் தாண்டிப் போயிருப்பீர்கள். கம்பி மாதிரி மெல்லிய கொடி. தரையோடு தரையாகவும் கிடக்கும், பக்கத்தில் ஒரு புதர் இருந்தால் சுற்றிக்கொண்டும் ஏறும். இலை ஒரே அளவாக இருக்காது. ஒரு செடியில் புல் மாதிரி ஒடுங்கி நீண்டிருக்கும், பக்கத்துச் செடியில் அகன்றிருக்கும். பல இலைகளில் நடு நரம்பை ஒட்டி வெள்ளையாகச் சாந்து பூசின மாதிரி கோடு தெரியும். கிள்ளினால் பால் வரும். பூ இருக்கிறதே, அதைக் குனிந்து தேடினால்தான் தெரியும்; இலைக் கணுவில் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு, வெளியே பச்சையும் உள்ளே கருஞ்சிவப்புமாக, மிளகளவுகூட இருக்காது. இந்தியா முழுக்கவும் இலங்கையிலும் உண்டு. சமவெளியிலும் இருக்கும், மலையிலும் இருக்கும். பாதாளமூலி, நறுநெட்டி, பாற்கொடி என்றெல்லாம் எங்கள் நூல்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கின்றன. தாவர நூல்காரர்கள் வைத்த பெயர் ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ்.

மாகாளி இன்னும் பருமனான கொடி. தண்டு முற்றி மரமாகும். இலை அகலம். பூ இதிலும் சின்னதுதான், ஆனால் நன்னாரி மாதிரி கணுவில் ஒளிந்துகொள்ளாது. வெளிறிய நிறத்தில் கிளைத்த கொத்தாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காய் இரட்டை இரட்டையாகக் காய்க்கும். முற்றி வெடித்தால் எருக்கங்காய் போல விதைகள் பட்டுப் போன்ற பஞ்சோடு காற்றில் பறக்கும். இது வயல் வரப்பில் வளர்கிற சாதி அல்ல. வறண்ட காட்டுச் சரிவு, பாறை இடுக்கு, கல்லும் மண்ணுமாக உள்ள இடம், இவைதான் அதற்குப் பிடித்த வீடு. 1834-ல் ராபர்ட் வைட்டும் ஆர்னாட்டும் டெகலெபிஸ் ஹாமில்டோனி என்று பெயர் வைத்தார்கள். நம்மவர்கள் பெருநன்னாரி என்றும் சொல்வதுண்டு. குழப்பத்துக்கு அந்தப் பெயரும் ஒரு காரணம்.

இரண்டுமே பங்காளிகள். முன்பு எருக்கங் குடும்பத்தில் வைத்திருந்தார்கள், இப்போது அரளிக் குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். வேரின் வாசனைக்குக் காரணமான முக்கியப் பொருளும் இரண்டிலும் ஒன்றுதான். வாயில் நுழையாத பெயர் அதற்கு: ஹைட்ராக்ஸி மெத்தாக்ஸி பென்சால்டிஹைடு. நீங்கள் ஐஸ்கிரீமில் சாப்பிடுகிறீர்களே வெனிலா, அந்த வாசனைப் பொருளின் அதே அணுக்கள்தான், அடுக்கு மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. மாகாளியில் இந்த வாசனை தூக்கலாக இருக்கும். சில வீடுகளில் மாகாளி ஜாடியைத் திறந்தாலே 'மூட்டைப்பூச்சி நாத்தம்' என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு, அந்த ஜாடிக்காகவே தயிர் சாதம் கேட்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

இப்போது வியாபாரியின் கணக்கைப் பாருங்கள். நன்னாரி வேர் பென்சிலைவிட மெலிசு. பூமிக்குள் நெடுநீளம் ஓடும், இழுத்தால் பாதியில் அறுந்துபோகும். ஒரு ஆள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தோண்டினாலும் காய்ந்தபின் கைக்கு ஒரு சின்னக் கட்டுதான் தேறும். அதிலும் உள்ளே கட்டையாக இருக்கும் நரம்பில் சாரம் இல்லை, மேல்தோலில்தான் மணம். மாகாளியோ ஒரு கொடியின் அடியில் விரல் தடிமனிலிருந்து கேரட் தடிமன் வரை கொத்துக் கொத்தாகக் கிழங்கு வைத்திருக்கும். கடப்பாரை போட்டு ஒரு பாறையைப் புரட்டினால் கிலோ கணக்கில் கிடைக்கும். வாசனையும் ஜாஸ்தி. சர்பத் காய்ச்சுகிறவர் எதை வாங்குவார்? ஆந்திராவில் ராயலசீமைப் பக்கம் நன்னாரி என்ற பெயரிலேயே இந்தக் கிழங்கைத்தான் சர்பத் போடுகிறார்கள். அங்கே அதை ஏமாற்று என்றுகூடச் சொல்ல முடியாது, பேச்சு வழக்கே அப்படி ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையை ஒட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் மூச்சு வாங்கி ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன்மலை தாலுகாவின் தலைமையிடம் இது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாகப் பிரித்த பிறகு, மாவட்டத்தின் மலைப்பகுதி என்றாலே இதுதான். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஜவ்வாது, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றனவே, அந்த வரிசையில் ஒன்று. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். உடனே கேரளாவை நினைக்காதீர்கள். மலையை ஆள்கிறவர்கள், பேச்சு தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே தங்கள் பூர்வீகம் சொல்வார்கள்.

மூலிகை பார்க்க நான் அங்கே போய் வருவது பல வருஷப் பழக்கம். வெள்ளிமலையைச் சுற்றி நன்னாரி தேட வேண்டியதே இல்லை. காட்டு ஓரம், தோட்டத்து வேலி, பாதை ஓரம், எங்கே உட்கார்ந்தாலும் காலடியில் இருக்கும். மாகாளி அப்படி இல்லை. அதைக் காட்டச் சொன்னால் வயதானவர்கள் கையை நீட்டி எதிர்ச் சரிவைக் காட்டுகிறார்கள். 'முன்னெல்லாம் ஊருக்குப் பின்னாலயே கெடைக்கும் ஐயா, இப்ப அந்தப் பாறைக்கு மேல ஏறணும்' என்று ஒரு பெரியவர் சொன்னார். என்னைப் பொறுத்தவரை இது ஒரு புள்ளிவிவரத்துக்குச் சமானம். ஊருக்குப் பின்னால் இருந்தது பாறை உச்சிக்குப் போனது கொடி நடந்து போனதால் அல்ல.

ஏன் ஒன்று மிஞ்சியது, இன்னொன்று தேய்கிறது? தோண்டுகிறவர்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருக்கிறது. நன்னாரியை எவ்வளவு சாமர்த்தியமாகத் தோண்டினாலும் வேர் பாதியில் அறுந்து பூமிக்குள் தங்கிவிடும். மழை பெய்தால் அந்தத் துண்டு துளிர்க்கும். தோண்டுகிறவனின் பொறுமையின்மையே நன்னாரியைக் காப்பாற்றுகிறது! மாகாளியில் கிழங்குக் கொத்துதான் அதன் உயிர். கோடையில் இலையைக் கொட்டிவிட்டு அந்தக் கிழங்கில் சேமித்த சத்தை வைத்துத்தான் அது அடுத்த மழை வரை தாக்குப் பிடிக்கிறது. அதை முழுசாக எடுத்துவிட்டால் கொடியின் கதை அன்றோடு முடிந்தது. விதை இருக்கிறதே என்றால், காய் முற்றுவதற்குள் கொடியே இல்லாமல் போகிறது. முளைத்தாலும் ஒரு விதைக்கன்று ஊறுகாய்க்கு ஆகிற அளவு கிழங்கு வைக்கப் பல வருஷம் ஆகும்.

இதோடு காட்டின் நிலைமையும் சேர்ந்துகொண்டது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இப்போது மரவள்ளி. கோடையில் காட்டுத் தீ. தீ பட்ட இடத்தில் முந்திக்கொண்டு வருவது உண்ணிச்செடி. இதில் நன்னாரி எப்படியோ இடுக்கில் பிழைத்துக்கொள்ளும். மாகாளிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

ஐ.யூ.சி.என். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உயிரினங்களை ஏணிப்படி மாதிரி அடுக்குகிறது. 'பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது' ஒரு படி. அதற்கு மேல் 'அழியும் ஆபத்தில் உள்ளது'. அதற்கும் மேல் 'மிகக் கடுமையான ஆபத்தில் உள்ளது'. மாகாளி நிற்பது நடுப்படியில். அந்தப் படிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், அவர்கள் வைத்திருக்கும் பல அளவுகோல்களில் ஒன்றைச் சொல்கிறேன்: பத்து வருஷம் அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் ஒரு இனத்தின் எண்ணிக்கை பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் இந்தப் படியில் வைக்கலாம். ஆகவே, 'எங்க ஊர் மார்க்கெட்ல சீசனுக்கு மூட்டை மூட்டையா வருதே, எப்படி ஆபத்து?' என்று கேட்பதில் பொருளில்லை. மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக வருவதுதான் ஆபத்தே. அந்த மூட்டை எந்தத் தோட்டத்திலிருந்தும் வரவில்லை என்றால், காடு அவ்வளவு காலியாகிறது என்று அர்த்தம்.

மாகாளிக்கு நெருங்கிய உறவு இரண்டு இருக்கின்றன, இரண்டும் மேல்படியில் நிற்கின்றன. ஒன்று அகத்தியமலையில் காணிக்காரர்கள் பயன்படுத்திய கொடி. தாவரவியல் மேதை ஜானகி அம்மாளின் நினைவாக முதலில் அதற்கு ஜானகியா என்றே பெயர் வைத்திருந்தார்கள். மற்றொன்று ஆனைமலைப் பக்கம் உள்ளது. அவற்றின் கதி மாகாளிக்கும் வரக்கூடாது என்றால் இப்போதே விழித்துக்கொள்ள வேண்டும். நன்னாரி இந்த ஆபத்துப் படிகள் எதிலும் இல்லை. அதற்காக அதை லாரி வைத்துத் தோண்டலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

இனி வைத்தியன் என்ற முறையில் என் பேச்சு. குணபாடத்தில் நன்னாரிக்கு இனிப்பும் சிறு கைப்பும் சுவை, தட்பம் தன்மை என்று படிக்கிறோம். உடல் சூட்டைத் தணிக்கும், சிறுநீரைப் பெருக்கும், உடலைத் தேற்றும். நீர்க்கடுப்பு, கோடையில் வரும் வேர்க்குரு, சில தோல் உபத்திரவங்கள், இவற்றுக்கெல்லாம் எங்கள் முன்னோர்கள் கொடுத்தது மேலே சொன்ன மெல்லிய வேரைத்தான். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்களின் மருந்து நூலுக்குள் போய் உட்கார்ந்ததும் இந்த வேர்தான். மாகாளிக்கும் குணம் உண்டு. பசியைத் தூண்டும், ஜீரணத்துக்கு நல்லது என்று சாப்பிட்டு வருகிறோம். ஆனால் ஒரே வாசனை அடிப்பதால் இரண்டும் ஒரே மருந்தாகிவிடாது. இரண்டும் சந்தனம் பூசியிருக்கிறார்கள் என்பதற்காக மாப்பிள்ளையும் மாமனாரும் ஒருவராகிவிடுவார்களா? எந்தச் சரக்குக்கு நூல் சொன்ன குணமோ அந்தச் சரக்கை உபயோகித்தால்தான் அந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியும்.

இதில் எங்கள் துறையும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்க வேண்டும். சீட்டில் 'நன்னாரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் எதைப் பொட்டலம் கட்டுகிறார் என்று திறந்து பார்க்கிற வைத்தியர்கள் எத்தனை பேர்? மொத்தமாக வேர் கொள்முதல் செய்யும் மருந்து உற்பத்தியாளர்கள், நறுக்கிய துண்டாகவோ தூளாகவோ வாங்கினால் எது எது என்று கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. முழு வேராக வாங்கிச் சோதிக்க வேண்டும், லேபிளில் தாவரப் பெயரை எழுத வேண்டும். 'நன்னாரி' என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ளும் பழக்கம் போக வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல.

இந்த விஷயத்தைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு விதமான பதில் வருகிறது. முதல் கூட்டம், 'காட்டுல முளைக்கிறது, திரும்ப முளைச்சிடும்' என்கிறது. முளைக்காது என்று மேலேயே சொல்லிவிட்டேன். இரண்டாவது கூட்டம், 'தடை பண்ணிட வேண்டியதுதானே சார்!' என்று கொதிக்கிறது. இவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மலையில் கடப்பாரை பிடிக்கிற ஆளுக்கு அந்தக் கிழங்கு இரண்டு நாள் அரிசி. மழை பொய்த்த வருஷத்தில் மரவள்ளியும் கைவிட்டால் கடுக்காய், புளி, தேன், கிழங்கு என்று காடுதான் கை கொடுக்கிறது. காட்டின் சிறு விளைபொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு, நாம் டவுனில் உட்கார்ந்து ஊறுகாய்க்காக வருத்தப்படுவது நியாயமா? தடை போட்டால் கிழங்கு ராத்திரியில் இறங்கும், அவ்வளவுதான். விலையில் பெரும்பங்கு நடுவில் நிற்கிறவன் பைக்குப் போகும்.

என் யோசனை வேறு. மாகாளியைப் பயிராக்க வேண்டும். கொடியும் அவர்களுடையது, மலையும் அவர்களுடையது, தோட்டமும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். முடியுமா என்று கேட்காதீர்கள். செங்காந்தளைப் பாருங்கள். நம் மாநிலப் பூ. ஒரு காலத்தில் அதையும் வேலியிலும் காட்டிலும் தோண்டித்தான் எடுத்தார்கள். இன்று மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் கட்டி விவசாயமாகவே செய்து விதையை ஏற்றுமதி பண்ணுகிறார்கள். மருந்துக் கூர்க்கனை நம் சேலம், ஆத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் ஒப்பந்தம் போட்டுப் பயிர் செய்தார்கள். மாகாளிக்கும் ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அதன் கிழங்கைப் பற்றியும், திசு வளர்ப்பில் கன்று உண்டாக்குவது பற்றியும் வேலை செய்திருக்கிறது. அந்த ஆராய்ச்சி காகிதத்தில் இருந்து வெள்ளிமலைக்கு பஸ் ஏறி வர வேண்டும். மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்கள் மூலமாகக் கன்று கொடுத்து, பயிரிட்ட கிழங்கென்று முத்திரை போட்டு, காட்டுக் கிழங்கைவிட நாலு காசு கூடுதலாக வாங்கிக்கொண்டால் கடப்பாரை தானாகவே தோட்டத்துப் பக்கம் திரும்பும். கிழங்கு திரள மூன்று நாலு வருஷம் காத்திருக்க வேண்டியிருக்குமே, அதுவரை அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அரசாங்கம் கை கொடுக்க வேண்டிய இடம் அதுதான். மரவள்ளிக்கு ஊடே வேலியோரமாக நட்டு வைத்தால் வருமானமும் நிற்காது என்பது என் எண்ணம்.

அதுவரை உங்கள் பங்கு என்ன? மாகாளி ஊறுகாயே சாப்பிடாதீர்கள் என்று நான் சொன்னால் என் வீட்டிலேயே கேட்க மாட்டார்கள். ஊறுகாய்க்கு மாகாளிக்கு மாற்று கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஜாடி, அது ஒரு வருஷத்துக்கு மேலேயே தாங்கும். ஒரு துண்டை நாலு தரம் கடித்துத் தயிர் சாதம் முடிக்கிறவர்கள் நாம். காட்டைக் காலி பண்ணுவது அந்த ஜாடி மட்டும் அல்ல. ஆயிரக்கணக்கான பாட்டிலுக்கு மூட்டை மூட்டையாகக் கொதிக்கிற அண்டாவைச் சொல்கிறேன். சர்பத்துக்கு மாற்று இருக்கிறது. மாற்று என்ன, சர்பத்தின் சொந்தக்காரனே நன்னாரிதான். ஆகவே மாகாளியை ஊறுகாயோடு விடுங்கள், சர்பத்துக்கு நன்னாரி வேரை வாங்குங்கள். ஊறுகாய்க்குக் கிழங்கு வாங்கும்போதும் 'இது தோட்டத்துக் கிழங்கா, காட்டுக் கிழங்கா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரர் முழிப்பார். பத்து பேர் கேட்டால் அவரும் மொத்த வியாபாரியைக் கேட்பார்.

நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி கேட்டால் இதைக் கவனியுங்கள். தூளாகவோ பொடித்துண்டாகவோ வாங்காதீர்கள். வேர் மெலிசாக, முறுக்கிக்கொண்டு, கரும்பழுப்பாக இருக்க வேண்டும். மேல்தோலில் குறுக்காக வெடிப்பு விழுந்து, அங்கங்கே உள்ளே உள்ள கட்டை தெரியும். ஒடித்து மோந்தால் இதமான மணம், வாயில் போட்டால் லேசான தித்திப்பு. தடித்து, தோல் வெளிறி, நீளவாக்கில் சுருங்கி, கடித்தால் நாக்கில் சுரீரென்று விறுவிறுப்பு ஏறினால் அது மாகாளி. கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம், 'எனக்குச் சின்ன வேர்தான் வேணும்' என்று சொன்னால் போதும்.

வீட்டிலேயே சர்பத் போடுவதும் கஷ்டமில்லை. நூறு கிராம் வேரைக் கழுவி, இடித்து, உள்ளே இருக்கும் கட்டை நரம்பைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் வேரைப் போட்டு மூடி ராத்திரி முழுக்க வையுங்கள். பலர் வேரைப் போட்டு மணிக்கணக்காகத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க விடுகிறார்கள். மணம் முழுவதும் ஆவியாகப் போய்த் தெருவுக்கே வாசனை அடிக்கும், பாட்டிலில் ஒன்றும் தங்காது. நன்னாரியின் சாரம் காற்றில் பறக்கிற சாதி, அதனால்தான் ஊறல். காலையில் வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, சிறு தீயில் பிசுக்குப் பதம் வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். குடிக்கும்போது தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சேருங்கள். நிறம் கடைச் சரக்கு மாதிரி கன்னங்கரேலென்று வராது, இளம் பழுப்பாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், அதுதான் அதன் இயற்கை நிறம்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் இந்தப் பாகைத் தொடக்கூடாது. 'மூலிகை சர்பத்துதானே டாக்டர்' என்று சாக்குச் சொல்லி ரெண்டு டம்ளர் இறக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூலிகை நூறு கிராம், சர்க்கரை ஒரு கிலோ, கணக்கை நீங்களே பாருங்கள். அவர்கள் பாகு காய்ச்சாமல், ஊறல் தண்ணீரை மட்டும் வடிகட்டிக் குடிக்கலாம். நீர்க்கடுப்போடு காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் சர்பத் குடித்துக்கொண்டு வீட்டில் உட்காராமல் வைத்தியரைப் பாருங்கள்.

இடம் இருக்கிறவர்கள் நன்னாரியை வீட்டிலேயே வளர்க்கலாம். ஆழமான தொட்டியோ பழைய சிமெண்ட் சாக்கோ போதும். செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி, கொஞ்சம் மக்கிய எரு. மழைக்காலத்தில் கணுவோடு ஒரு துண்டு வேரையோ, முற்றின தண்டையோ ஊன்றி, படர ஒரு குச்சி நட்டுவிடுங்கள். தண்ணீர் தேங்கக்கூடாது. முதல் வருஷம் ஆசைப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள். இரண்டாவது வருஷம் ஓரத்து வேர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுவில் உள்ள தாய்வேரை அப்படியே மண்ணில் விட்டு மூடிவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும்.